காலி அறைக்குப் பூட்டு

அத்தியாயம் 11

"செத்தது ரெண்டு பேர். உள்ள இருக்கிறது ஒருத்தன். மதியம் அவனைக் கோர்ட்டுக்குக் கொண்டு போறேன். நடுவுல உங்களுக்கு என்ன மேடம் வேலை?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அந்த ஊரில் எத்தனையோ மேடம்கள் உண்டு. ஆனால் காவல் நிலையத்தில் யாராவது முகத்தைச் சுளித்துக்கொண்டு 'மேடம் வந்திருக்காங்க' என்று சொன்னால் அது ஒருவரைத்தான் குறிக்கும். இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தபோது, எரியாத கடைக்கும் சாகாத புருஷனுக்கும் நஷ்ட ஈடு கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தவர். கம்பெனி மேலதிகாரியின் மைத்துனரையும் ஒரு நாள் அப்படித் திருப்பி அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு சொந்தமாகத் துப்பறிய வேண்டியதாயிற்று.

"எனக்கு ஒரே ஒரு சந்தேகம்" என்றார் மேடம். "அதைக் கேட்டுட்டுப் போயிடுறேன்."

"அவங்க ஒரு சந்தேகம்னு சொன்னா வீட்டுக்கு ஃபோன் பண்ணி லேட்டாகும்னு சொல்லிடுங்க சார்" என்றான் ஸ்பீக்கர்.

ஸ்பீக்கர் மேடத்தின் உதவியாளன். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். வாயை மூடியே பார்த்திராத நண்பர்கள் அதை மறக்கடித்துவிட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்தார். வழக்கை அவர் ஏற்கெனவே மனதுக்குள் முடித்துவிட்டார் என்பது அவர் பேசிய வேகத்திலேயே தெரிந்தது. ஆப்பிள் குளிர்பதனக் கிடங்கின் முதலாளிக்கு ஒரே பெண். லாரி கம்பெனி வைத்திருப்பவருக்கு இரண்டு பையன்கள். முதலாளியும் லாரிக்காரரும் ஒரு காலத்தில் கூட்டாளிகள், இப்போது ஜென்மப் பகை. ஒருவர் வருகிறார் என்றால் மற்றவர் தெரு மாறிப் போவார். இந்த லட்சணத்தில் பெண்ணும் லாரிக்காரரின் சின்னப் பையனும் காதலித்துத் தொலைத்தார்கள். ஓடிப்போக ஏற்பாடு செய்து கொடுத்தது பெண்ணின் தாய்மாமன். அவர்தான் கிடங்குக்கு மேனேஜர். "கிடங்குல ஒளிஞ்சிருங்க, நான் கார் கொண்டு வர்றேன்" என்று சொல்லியிருக்கிறார். மறுநாள் காலை கிடங்கின் மூன்றாம் அறைக்குள் இரண்டு பேரும் பிணமாகக் கிடந்தார்கள்.

"அந்த ரூம்ல மூச்சு விட முடியாது மேடம். ஆப்பிள் கெடாம இருக்கக் காத்தை உறிஞ்சிட்டு வேற காஸ் விட்டிருக்காங்க. உள்ள போனா ரெண்டு மூச்சுல ஆள் காலி. அதுக்குத்தான் எப்பவும் பூட்டி வெச்சிருப்பாங்க. சாவி முதலாளி வீட்ல ஒண்ணு, மேனேஜர் கையில ஒண்ணு. அன்னிக்குச் சாயங்காலம் முதலாளி வியாபாரிங்க சங்கக் கட்டடத்துல லாரிக்காரரோட சமரசப் பேச்சுல உக்காந்திருந்தார். மேனேஜரும் அங்கதான் இருந்தான். நடுவுல டீ குடுத்தப்ப நழுவிட்டான். கிடங்குக்குப் போனேன்னு அவனே ஒத்துக்கிறான். அப்புறம் என்ன?"

"காரணம்?"

"போன மாசம் லாரிக்காரரோட பெரிய பையன் இவனை நடுரோட்டுல செருப்பால அடிச்சான். அதுக்குச் சின்னவனை முடிச்சுட்டான். பொண்ணு கூடப் போய் மாட்டிக்கிச்சு. பையன் பொண்ணோட மணிக்கட்டை நகம் பதியற மாதிரிப் பிடிச்சிருந்தான். உள்ள போராடியிருக்காங்க."

மேடம் ஜன்னல் பக்கம் பார்த்தார். தெருவின் எதிர்ப்புறத்தில் இரண்டு லாரிகள் நின்றிருந்தன. அவற்றின் நிழலில் ஆட்கள்.

"பெரியவன் கோர்ட் வாசல்ல நிக்கிறான்" என்றான் ஸ்பீக்கர், குரலைத் தாழ்த்தி. "வர்ற வழியில பாத்தேன். கையில என்ன இருக்குன்னு தெரியல. ஆனா ரெண்டு கையையும் பின்னாலயே வெச்சிருக்கான். ஆளைப் பாத்தா ஜட்ஜுக்கு மரியாதை குடுக்க அப்படி நிக்கிறவன் மாதிரி இல்ல."

இன்ஸ்பெக்டர் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. தெரிந்துதான் இருந்தது அவருக்கு.

லாக்கப்பில் மேனேஜர் சுவரோடு ஒண்டி உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார். அழுது தீர்த்த முகம்.

"எந்த ரூம்ல ஒளியச் சொன்னீங்க?" மேடம் கேட்டார்.

"நாலாவது ரூம்ல. அது காலி ரூம். மெஷினே ஓடல, நல்ல காத்து. பாப்பாகிட்ட ஃபோன்ல ரெண்டு தடவ சொன்னேன். நாலாவது கதவு, திறந்தே இருக்கும்னு."

"அவளைத் தவிர யார்கிட்ட சொன்னீங்க?"

"யார்கிட்டயும் இல்ல. பிடிச்சு உள்ள போட்டப்புறம் சார்கிட்ட சொன்னதுதான். நம்ப மாட்டேங்கிறார்."

"நீங்க போனப்ப?"

"நாலாவது ரூம் பூட்டியிருந்துச்சு." மேனேஜர் நிமிர்ந்தார். "காலி ரூமுக்கு எவனும் பூட்டு போட மாட்டான் மேடம். பூட்டறதுக்கு உள்ள என்ன இருக்கு? அந்தப் பூட்டைப் பாத்ததும் மச்சானுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு நெனச்சேன். பசங்களை வீட்டுக்கு இழுத்துட்டுப் போயிட்டார்னு நெனச்சேன். பயந்து ஓடிட்டேன். பக்கத்துக் கதவைத் தள்ளிப் பாக்கணும்னு தோணலை. எனக்குத் தோணலையே."

அவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மேடம் வெளியே வந்து இன்ஸ்பெக்டரிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "அவரோட சாவிக்கொத்து உங்ககிட்டதானே இருக்கு? அதை எடுத்துக்கிட்டு எங்க கூடக் கிடங்கு வரைக்கும் வாங்க. என் கணக்கு தப்புன்னா நானே அவரை உங்க ஜீப்புல ஏத்தி விடுறேன்."

காரில் ஸ்பீக்கர் சும்மா இருக்கவில்லை.

"மேடம், நமக்கு இந்தக் கேஸைக் குடுத்தது யாரு? பொண்ணோட அம்மா. என்ன கேட்டாங்க? 'என் தம்பிதான் கொன்னான், அவன் தப்பிக்கவே கூடாது, நிரூபிச்சுக் குடுங்க'ன்னாங்க. நாம என்ன பண்றோம்? அவனைத் தப்பிக்க வைக்கப் போயிட்டிருக்கோம். இதுக்குப் பேரு தொழில் தர்மமா, தற்கொலையா?"

"எனக்கு வேற ஒண்ணு உறுத்துது. தம்பியைப் போலீஸ் பிடிச்சாச்சு. அதுக்கப்புறம் எதுக்கு அந்தம்மா நம்மளைத் தேடி வந்தாங்க?"

"போலீஸ் மேல நம்பிக்கை இருந்திருக்காது. எனக்கும்தான் இல்லை. பின்னால ஜீப்புல வர்றாரே, காதுல விழாதே?"

மேடம் சிரிக்கவில்லை.

முதலாளியின் வீடும் கிடங்கும் ஒரே காம்பவுண்டுக்குள் இருந்தன. வீட்டின் பின்கட்டிலிருந்து கிடங்கின் பக்கவாசலுக்கு ஒரு நடைபாதை. உள்ளே நுழைந்ததும் குளிரும் ஆப்பிள் வாசனையும் சேர்ந்து முகத்தில் அடித்தன. நீண்ட நடை, ஈரத்தரை, இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் பெரிய இரும்புக் கதவுகள். ஒவ்வொரு பெரிய கதவிலும் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு சின்னக் கதவு. அதில் ஸ்பிரிங் வைத்திருந்தார்கள், கையை விட்டால் தானாகச் சாத்திக்கொள்ளும்.

முதலாளி அங்கே நின்றிருந்தார். வாட்டசாட்டமான மனிதர். ஒரே வாரத்தில் தோள் தொங்கிப்போயிருந்தது.

"இன்னும் என்ன பாக்கணும்?" என்றார். "போனவ போயிட்டா."

மேடம் கதவுகளைப் பார்த்துக்கொண்டே நடந்தார். காஸ் விட்டிருந்த அறைகள் ஒவ்வொன்றின் சின்னக் கதவிலும் பித்தளைப் பூட்டு தொங்கியது. அந்தப் பூட்டுகளுக்கெல்லாம் பிளாஸ்டிக் பை போட்டு, ரப்பர் பேண்டால் இறுக்கியிருந்தார்கள்.

"பூட்டுக்கும் சளி பிடிக்குமா சார்?" ஸ்பீக்கர் கேட்டான். "மஃப்ளர் கட்டி விட்டிருக்கீங்க."

"குளிர்ல தண்ணி கோத்து சாவித்துவாரம் அடைச்சுக்கும்" என்றார் முதலாளி. "பை போடாத பூட்டைத் திறக்க எண்ணெய் விட்டுக்கிட்டுக் காத்து நிக்கணும். இங்க வேலை செய்றவன் தூக்கத்துல பூட்டினாலும் பையை மாட்டாம நகர மாட்டான்."

"ஓஹோ" என்றார் மேடம். அந்த 'ஓஹோ'வில் ஸ்பீக்கர் உஷாரானான். அவர் அதை அடிக்கடி சொல்வதில்லை.

"காஸ் ரூம்னு தெரியறதுக்கு ஒரு போர்டு கூட இல்லையே?" மேடம் கதவைத் தடவினார். நான்கு திருகாணித் துளைகள் விரலுக்குத் தட்டுப்பட்டன.

முதலாளி வேறு பக்கம் பார்த்தார். "இருந்துச்சு. மண்டை ஓடு போட்ட சிவப்பு போர்டு. பழம் வாங்க வர்றவங்க பாத்துட்டு, ஆப்பிள்ல விஷம் ஏத்துறீங்களான்னு கேட்டாங்க. கழட்டி உள்ள வெக்கச் சொன்னேன். ஆளுங்களுக்குத் தெரியும், எது காஸ் ரூம்னு. பூட்டு தொங்கினா காஸ் இருக்குன்னு அர்த்தம். அது போதாதா?"

"உங்க ஆளுங்களுக்குப் போதும். உங்க பொண்ணுக்குத் தெரியுமா?"

"எங்க வீட்டுப் பொம்பளைங்க கிடங்குக்குள்ள வர மாட்டாங்க. வரக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன். அவளும் சரி, அவ அம்மாவும் சரி, இது வரைக்கும் உள்ள கால் வெச்சதில்லை."

மூன்றாம் அறையின் சின்னக் கதவில் பூட்டு இல்லை. போலீஸ் சீல் மட்டும் ஒட்டியிருந்தது. அதன் கீழே ஈரத்தரையில் கசங்கிய பிளாஸ்டிக் பை ஒன்று கிடந்தது, ரப்பர் பேண்டோடு. அத்தனை போலீஸ்காரர்களும் அதைத் தாண்டித்தான் போய் வந்திருக்கிறார்கள்.

அடுத்து நான்காம் அறை. காலி அறை. அதன் சின்னக் கதவில் ஒரு பித்தளைப் பூட்டு தொங்கியது. பை இல்லை. அதன் மேல் நீர் முத்துமுத்தாகக் கோத்திருந்தது.

"இன்ஸ்பெக்டர் சார், இந்தப் பூட்டுக்கு எந்தச் சாவி?"

இன்ஸ்பெக்டர் கொத்தைப் பிரித்தார். ஒவ்வொரு சாவியிலும் எண் அடித்திருந்தது. நான்கு என்ற எண்ணே கொத்தில் இல்லை. காலி அறைக்கு ஏது சாவி?

"மூணாம் நம்பர் போட்டுப் பாருங்க."

"அது அந்த ரூம் சாவி மேடம்."

"போட்டுத்தான் பாருங்களேன்."

சாவி நுழைய மறுத்தது. ஸ்பீக்கர் ஓடிப்போய் எண்ணெய் கொண்டு வந்தான். இரண்டு சொட்டு விட்டுக் காத்திருந்தார்கள். யாரும் பேசவில்லை, ஸ்பீக்கர் உட்பட. இன்ஸ்பெக்டர் மறுபடியும் சாவியை நுழைத்துத் திருப்பினார். பூட்டு கிளிக்கென்று வாயைத் திறந்தது.

இன்ஸ்பெக்டர் கையிலிருந்த பூட்டையே பார்த்தார். பிறகு பக்கத்துக் கதவைப் பார்த்தார்.

"யாரோ காஸ் ரூம் பூட்டைக் கழட்டிக் காலி ரூமுக்குப் போட்டிருக்காங்க" என்றார் மெதுவாக.

"அவ்வளவுதான் நடந்தது" என்றார் மேடம். "பசங்க வந்தாங்க. மாமா சொன்ன கதவு பூட்டியிருக்கு. பக்கத்துக் கதவு திறந்திருக்கு. மாமா நம்பரை மாத்திச் சொல்லிட்டார்னு நெனச்சிருப்பாங்க. பொண்ணு முதல்ல குனிஞ்சு உள்ள போயிருக்கா. போனதும் விழுந்திருக்கா. பையன் அவ மணிக்கட்டைப் பிடிச்சது அவளை வெளிய இழுக்கறதுக்கு சார். போராட்டமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. கத்திக்கிட்டு வெளிய ஓடியிருந்தா அவன் இன்னிக்கு உயிரோட இருப்பான்."

முதலாளி சுவரைப் பிடித்துக்கொண்டார். லாரிக்காரன் மகன் என்று அதுவரை வாய் கூசாமல் திட்டிக்கொண்டிருந்த மனிதர்.

"இதையும் மேனேஜரே பண்ணியிருக்கலாமே?" இன்ஸ்பெக்டர் அவ்வளவு சுலபத்தில் விடுகிற ஆள் இல்லை.

"பண்ணியிருந்தா கை தானா பையை மாட்டியிருக்கும். இந்தப் பூட்டைப் போட்டவருக்கு அந்தப் பழக்கமே கிடையாது. கிடங்கு ஆள் இல்லை. ஆனா சாவி கையில கிடைச்சிருக்கு."

"அப்ப லாரிக்காரன் ஆளுங்க" என்றார் முதலாளி சட்டென்று.

"லாரிக்காரருக்கு உங்க வீட்டுச் சாவி எப்படிக் கிடைக்கும்? தவிர, அவர் அன்னிக்கு எங்க இருந்தார்னு நீங்களே சாட்சி. நீங்க எங்க இருந்தீங்கன்னு அவர் சாட்சி. ரெண்டு பேரும் எதிரெதிர்ல உக்காந்து ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கிட்டிருந்தீங்க. சமரசத்தை முடிச்சுக்கிட்டுச் சீக்கிரம் எழுந்திருந்தா மேனேஜர் சொன்ன நேரத்துக்கு வந்திருப்பார். பசங்க நடையில முழிச்சுக்கிட்டு நிக்கும்போதே வந்திருப்பார்."

முதலாளி சுவரிலிருந்து கையை எடுத்தார். தள்ளாடியபடி பக்கவாசல் பக்கம் நடந்தார்.

ஸ்பீக்கர் மேடத்தின் அருகில் வந்தான். இந்த இறுக்கம் அவனுக்கு ஒத்துக்கொள்ளாது. எதையாவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

"நம்ம கட்சிக்காரம்மாகிட்ட இதை எப்படிச் சொல்றது மேடம்? நம்ம ஆபீஸ்ல மேஜையைத் தட்டித் தட்டிப் பேசினாங்களே." அவன் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகுவது போல் பாவனை செய்து, அந்த அம்மாளின் குரலிலேயே பேசினான். "'காலி ரூம்ல ஒளிச்சு வெக்கிறேன்னு என் பொண்ணுக்கு ஆசை காட்டி, காஸ் ரூமுக்குள்ள தள்ளிட்டான் பாவி.' அப்பா, என்ன ஆவேசம்."

மேடம் அப்படியே நின்றார்.

"இன்னொரு தடவ சொல்லு."

"எது? பாவிங்கிறதா?"

"அதுக்கு முன்னால."

"காலி ரூம்ல ஒளிச்சு வெக்கிறேன்னு..." ஸ்பீக்கரின் குரல் பாதியில் இறங்கியது. அவனும் புரிந்துகொண்டான்.

மேடம் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். "காலி ரூம்ல ஒளியச் சொன்னேன்னு மேனேஜர் சொன்னதை நீங்க அவர் அக்காகிட்ட சொன்னீங்களா?"

"எதுக்குச் சொல்லணும்? அது பொய்னுதானே நான் எழுதவே இல்ல."

"அப்ப அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

வீட்டுக்குப் போகும் நடைபாதை அந்தப் பக்கவாசல் வழியாகத் தெரிந்தது. சின்னப் பாதைதான். அதைக் கடக்க மேடம் வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார். சில கதவுகளைத் தட்டுவதற்கு அவருக்கும் கை வராது.

சமையலறையை ஒட்டிய அறையில் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார். சுவரில் ஓர் ஆணி. அதில் முதலாளியின் சாவிக்கொத்து தொங்கியது. மேஜை மேல் மகளின் ஃபோன் சார்ஜில் போட்டபடியே இருந்தது. யாரும் பிடுங்கவில்லை போலிருக்கிறது.

இன்ஸ்பெக்டரை வாசலிலேயே நிற்கச் சொல்லிவிட்டு மேடம் எதிரில் உட்கார்ந்தார். ஸ்பீக்கர் சுவர் ஓரமாக நின்றான். மேடம் பூட்டை மேஜை மேல் வைத்தார்.

அந்த அம்மாள் அதைப் பார்த்தார். பார்த்த விதத்திலேயே எல்லாம் முடிந்துவிட்டது. இது என்ன என்று அவர் கேட்கவில்லை.

"பாப்பா மாமாகிட்ட ஃபோன்ல பேசினதைக் கேட்டீங்களா?" என்றார் மேடம்.

அந்த அம்மாள் பூட்டிலிருந்து கண்ணை எடுத்தார்.

"கொல்லையில நின்னு பேசிக்கிட்டிருந்தா. நாலாவது கதவு, காலி ரூம், திறந்திருக்கும்னு அவளே ஒரு தடவ திருப்பிச் சொன்னா. மறந்துடக் கூடாதுன்னு." அந்த அம்மாளின் கைகள் சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தன. "நேரா கேட்டா என் மூஞ்சிலயே முழிக்க மாட்டா. அவங்க அப்பாகிட்ட சொன்னா வெட்டிப் போட்டுடுவார். என்ன பண்றதுன்னு தெரியல. கதவு பூட்டியிருந்தா மாமா ஏமாத்திட்டார்னு நெனச்சுக்கிட்டுத் திரும்பி வந்துடுவான்னு நெனச்சேன். யாருக்கும் எதுவும் தெரியாம போயிடும்ல. வாசல் லைட்டைப் போட்டு வெச்சுட்டு உக்காந்திருந்தேன்."

"வீட்ல பூட்டே இல்லையாம்மா?"

"வீட்டுப் பூட்டு ஒண்ணு குறைஞ்சாலும் அவர் கண்டுபிடிச்சுடுவார். சாவியை எடுத்துக்கிட்டுப் போனேன். பக்கத்துக் கதவுல இது தொங்கிச்சு. அதைக் கழட்டி இதுல போட்டேன். ஒரு ராத்திரி பூட்டாம இருந்தா என்ன, யார் வந்து திருடப் போறாங்கன்னு..." அவர் நிமிர்ந்து மேடத்தைப் பார்த்தார். "உள்ள ஆப்பிள்தானே மேடம் இருக்கு?"

எத்தனையோ பொய்களைக் கேட்டுப் பழகிய காது அவருடையது. இது உண்மை. அதுதான் தாங்கவில்லை.

"மூணாவது ரூம்ல கிடந்தாங்கன்னு சொன்ன அன்னிக்கே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"தெரியும்னும் சொல்ல முடியல. தெரியாதுன்னும் சொல்ல முடியல. தம்பிகிட்டயும் ஒரு சாவி இருக்குல்ல? அவன் ஏதாவது பண்ணியிருப்பான். அவன்தான் பண்ணியிருக்கணும். அப்படியே நெனச்சுக்கிட்டு இருந்தேன். போலீஸ்காரர் சொன்னா நம்பிக்கை வரல. நீங்க கெட்டிக்காரங்கன்னு சொன்னாங்க. நீங்களும் அவன்தான்னு சொல்லிட்டா..." சுருட்டிய தலைப்பை அவர் வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். "சொல்லுங்க மேடம். நான்தானே?"

"போர்டு இருந்திருந்தா பசங்க அதைப் படிச்சிருப்பாங்க. பூட்டு எதுக்குன்னு இந்த வீட்ல உங்களுக்கு யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீங்க அதைத் தொட்டிருக்க மாட்டீங்க. ரெண்டு அப்பாக்களும் ஒரு தடவயாவது மனுஷங்களாப் பேசியிருந்தா ஒளிய வேண்டிய அவசியமே வந்திருக்காது. உங்க தம்பி இன்னும் நல்லா யோசிச்சிருக்கலாம். இவ்வளவுக்கும் அப்புறம் பூட்டை மாத்தினது நீங்க. இல்லைன்னு என்னால சொல்ல முடியாதும்மா."

"ம்."

"செத்தவங்களுக்கு யார் பொறுப்புன்னு நாள் பூரா உக்காந்து பேசலாம். ஆனா உயிரோட இருக்கிற ஒருத்தருக்கு இப்ப நீங்க மட்டும்தான் பொறுப்பு. மதியம் உங்க தம்பியைக் கோர்ட்டுக்குக் கொண்டு போறாங்க. அங்க லாரிக்காரரோட பெரிய பையன் காத்துக்கிட்டு நிக்கிறான். அவன் தம்பியைக் கொன்னது உங்க தம்பிதான்னு நம்பிக்கிட்டிருக்கான். நீங்க ஊரெல்லாம் சொன்னதை நம்பித்தான்."

அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேஜையைப் பிடித்து எழுந்தார்.

"இவ எங்கேயும் வர மாட்டா."

வாசலில் முதலாளி நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. கண் சிவந்திருந்தது. கதவின் இரண்டு பக்கமும் கையை ஊன்றி வழியை மறித்திருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் இன்ஸ்பெக்டரின் தொப்பி தெரிந்தது.

"பொண்ணு போயாச்சு" என்றார் முதலாளி. "பெத்த அம்மாவே கொன்னுட்டான்னு ஊர் பேசணுமா? உள்ள இருக்கிறவன் எப்படியும் பாதி குற்றவாளிதான். அவன்தானே ஓடிப்போக வழி காட்டினான். இருந்துட்டுப் போகட்டும். நீ உள்ள போ."

அந்த அம்மாள் நகரவில்லை.

"உள்ள போன்னு சொன்னேன்ல." அவர் கதவை இழுத்துச் சாத்தப் போனார்.

அந்த அம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் புருஷனை எதிர்த்து அவர் எதையாவது பிடித்தது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். முதலாளிக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் முகத்தில் வந்தது.

"கிடங்குக்குள்ள வராதேன்னீங்க, அன்னிக்கு வரைக்கும் வரல" என்றார் அந்த அம்மாள். குரல் நடுங்கியது. ஆனால் நிற்கவில்லை. "எதுக்கு வரக் கூடாதுன்னு ஒரு நாள் சொல்லியிருந்தீங்கன்னா என் பொண்ணு இருந்திருப்பா. இனி எந்தக் கதவைப் பூட்டி யாரைக் காப்பாத்தப் போறீங்க? வழியை விடுங்க. என் தம்பி அங்க தனியா இருக்கான்."

முதலாளியின் கைகள் கதவு நிலையிலிருந்து தாமாக இறங்கின. அவர் அப்படியே கீழே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். மகளுக்காக அவர் வாய்விட்டு அழுதது அப்போதுதான்.

அந்த அம்மாள் அவரைத் தாண்டி வெளியே போனார். ஜீப்பில் ஏறும் முன் ஒரு தடவை திரும்பி மேடத்தைப் பார்த்தார்.

"அந்தப் பையனோட அம்மா இருக்காங்களா மேடம்?"

"இருக்காங்க."

"அவன் என் பொண்ணை வெளிய இழுக்கத்தான் பாத்தான்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"இன்னும் தெரியாது."

"ஸ்டேஷனுக்குப் போற வழியில அவங்க வீட்ல ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லுங்க. அதை நான் சொல்லணும். பெரியவனைக் கூப்பிட்டுக்க அவங்களாலதான் முடியும்."

இன்ஸ்பெக்டர் மேடத்தைப் பார்த்தார். மேடம் தலையசைத்தார். இன்ஸ்பெக்டர் டிரைவரிடம் லாரிக்காரர் வீட்டுக்கு வழி சொன்னார். ஜீப் கிளம்பிப் போயிற்று.

மேடம் காரில் ஏறி உட்கார்ந்தார். ஸ்பீக்கர் ஸ்டியரிங்கைப் பிடித்தவன் வண்டியை எடுக்கவில்லை. வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாசல் கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே முதலாளி இன்னும் தரையில்தான் உட்கார்ந்திருந்தார். பட்டப்பகலில் வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அன்றைக்குப் போட்டதை யாரும் அணைக்கவே இல்லை.

ஸ்பீக்கர் இறங்கிப் போய்க் கதவைச் சாத்தக் கை வைத்தான்.

"இருக்கட்டும்" என்றார் மேடம்.

அவன் கையை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தான். அலுவலகம் போய்ச் சேரும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை.